ஓரமில்லாத திரையில் அணுக்கள்

சினிமாத் திரைக்கு நான்கு ஓரங்கள் உண்டு. படம் பார்க்கும்போது அவற்றை நாம் நினைப்பதே இல்லை. ஆனால், திரையில் நடந்துவரும் யானை படத்தில் உள்ள யானையே என்று நமக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவை அந்த ஓரங்கள்தாம். ஓரத்துக்கு அப்பால் சுவர் தெரிகிறது. முன் வரிசையில் இருப்பவரின் தலை தெரிகிறது. இவற்றோடு ஒப்பிட்டே நம் மனம் திரையில் உள்ள பொருளின் அளவைக் கணிக்கிறது.

அந்த நான்கு ஓரங்களையும் நீக்கிவிட்டால் என்ன ஆகும்? கோளரங்கத்தில் அமர்ந்து பார்த்த வாசகர்களுக்கு விடை ஓரளவு தெரியும். விளக்கு அணைந்ததும் கூரை மறைந்து வானம் வந்துவிடுகிறது. இத்தகைய குவிமாடத் திரைக்கென்றே கணிப்பொறியைக்கொண்டு படம் வரையும் முயற்சிகள் 1980-களின் முதற்பாதியில் நடந்தன. அவற்றுள் முதன்மையானது, 'நாம் விண்மீன்களில் பிறந்தவர்கள்' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட 11 நிமிடப் படம். 1985-ஆம் ஆண்டு ஜப்பானில் சுக்குபா என்னும் இடத்தில் நடந்த உலகக் கண்காட்சியில், புஜிட்சு நிறுவனத்தின் அரங்கில் அது காட்டப்பட்டது. விண்மீன்களுக்குள் அணுக்கருக்கள் உருவாவதில் தொடங்கி, சூரிய மண்டலத்தின் சுமார் 500 கோடி ஆண்டு வரலாற்றைக் கடந்து, நீர் மூலக்கூறு, உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. மூலக்கூறு ஆகியவற்றின் அமைப்பில் வந்து முடிவது அதன் கதை.

கண்காட்சிக்கு வந்தவர்கள் இப்படத்தை ஒரு விந்தையாகப் பார்த்திருப்பார்கள். நாம் அதை ஓர் அறிவியல் பாடமாகக் கொண்டு எடைபோடுவோம். அது எதைக் கற்பித்தது? எதை மறக்கச் செய்தது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலக்கூறின் வடிவத்தைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த வழி அக்காலத்தில் இல்லை. ஆனால் அதே திரை, அதே காரணத்தால், அளவு என்ற ஒன்றையே பார்ப்பவர் மனத்திலிருந்து துடைத்துவிட்டது.

திரையும் பிலிமும்

குவிமாடத்தில் படம் காட்டும் இம்முறைக்கு ஆம்னிமாக்ஸ் என்று பெயர். இதன் முதல் அரங்கு 1973-இல் அமெரிக்காவில் சான்டியாகோ நகரில் திறக்கப்பட்டது. கனடாவில் தோன்றிய ஐமாக்ஸ் முறையின் கிளை இது. 70 மில்லி மீட்டர் அகலமுள்ள பிலிம் இதில் மேலிருந்து கீழாக ஓடாமல் படுக்கைவாட்டில் ஓடும். ஒரு படத்துக்கு 15 துளைகள். சாதாரண 35 மில்லி மீட்டர் படத்தைப்போல் சுமார் பத்து மடங்கு பரப்பு கொண்டது. விநாடிக்கு 24 படங்கள் என்றால், பிலிம் விநாடிக்கு 1.7 மீட்டர் வீதம் பாயும். 11 நிமிடப் படத்தின் பிலிமை நீட்டினால் ஒரு கிலோ மீட்டருக்கு மேல் வரும்.

பிலிமின் முன்னே மீன்கண் வில்லை எனப்படும் பரந்த கோண வில்லை உண்டு. அது படத்தை ஏறக்குறைய அரைவட்டக் கோணத்துக்கு விரித்து, சாய்வாக அமைந்த குவிமாடத்தின் உட்புறத்தில் வீழ்த்துகிறது. பார்ப்பவர் தலையை இருபுறமும் திருப்பினாலும் படம் முடிவதில்லை.

கேமராவுக்குப் பதில் கணக்கு

குவிமாடத்துக்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு? சாதாரணக் கேமராவில் நேர்கோடு நேர்கோடாகவே விழும். மீன்கண் வில்லையிலோ, நடு அச்சிலிருந்து ஒரு புள்ளி எத்தனை பாகை விலகியுள்ளதோ, அந்த அளவுக்குப் பிலிமின் நடுவிலிருந்து அதன் படம் விலகி விழும். எனவே பிலிமில் நேர்கோடுகள் வளைந்துவிடுகின்றன. குவிமாடத்தில் வீழ்த்தும்போது அந்த வளைவு நிமிர்ந்துவிடும். ஓவியர் ஒருவர் இதைக் கையால் வரைய முயன்றால் திணறிப்போவார். கணிப்பொறிக்கோ இஃது ஒரு சமன்பாடு, அவ்வளவுதான். பார்ப்பவரின் கண்ணிலிருந்து எந்தத் திசையில் எந்தப் பொருள் தெரியவேண்டும் என்று கணக்கிட்டு, பிலிமில் உரிய இடத்தில் ஒரு புள்ளியை இடும்.

இந்தக் கணக்கைச் செய்தவர்களுள் முன்னோடி, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கணித அறிஞர் நெல்சன் மேக்ஸ். ஒரு கோளத்தைக் கிழிக்காமலே உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பலாம் என்ற வடிவியல் உண்மையை 1976-லேயே கணிப்பொறிப் படமாகக் காட்டியவர் அவர். ஐமாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ரோமன் குரோய்ட்டர் நம் படத்தை இயக்கினார். மேக்ஸ் அதன் கணிப்பொறிப் பகுதிக்குப் பொறுப்பேற்றார்.

வேலையின் பருமனை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 11 நிமிடம் என்பது 660 விநாடி. விநாடிக்கு 24 வீதம் 15,840 படங்கள். இது முப்பரிமாணப் படம். இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றும் வேண்டும். ஆக, 31,680 படங்கள். ஒவ்வொன்றையும் கணக்கிட ஒரு கணிப்பொறிக்குப் பத்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக 220 நாட்கள் ஓடவேண்டும்! மேலும், நம் கண் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கைப் பிரித்தறியும். 180 பாகையைக் குறையின்றி நிரப்ப, குறுக்கே 10,800 புள்ளிகள் தேவை. அக்காலக் கணிப்பொறித் திரைகளில் பெரும்பாலும் ஐந்நூறு வரிகள், மிஞ்சினால் ஆயிரம் வரிகளே இருந்தன. சிறு திரையில் மறைந்துபோகும் படிக்கட்டு போன்ற விளிம்புகள், குவிமாடத்தில் உண்மையான படிக்கட்டு அளவுக்குத் தெரிந்துவிடும்.

இக்கலை எவ்வளவு புதிதாக இருந்தது என்பதற்கு இன்னொரு சான்று, 1984-இல் அமெரிக்காவில் கணிப்பொறி வரைகலை மாநாட்டையொட்டிக் காட்டப்பட்ட 'மந்திர முட்டை' என்ற ஆம்னிமாக்ஸ் படம். பல குழுக்கள் தனித்தனியே செய்த துண்டுகளை ஒரு கதையில் கோத்தது அது. தங்கள் கருவி குவிமாடத்தில் என்ன செய்யும் என்று வல்லுநர்கள் சோதித்துப் பார்த்த படம் என்று சொல்லலாம். அடுத்த ஆண்டே வந்த நம் படமோ ஒரே பொருளை எடுத்து, ஒரே வரிசையில் சொல்ல முயன்றது. அந்த வேறுபாட்டுக்காகவே அதைப் பாராட்டவேண்டும்.

படத்தின் வெற்றி

நீர் மூலக்கூறைக் கரும்பலகையில் எப்படி வரைகிறோம்? நடுவில் ஓர் 'ஓ'. இருபுறமும் இரண்டு 'எச்'. இரு பிணைப்புகளுக்கும் இடையே 104.5 பாகை என்று எழுதுகிறோம். மாணவர் அதை மனப்பாடம் செய்கிறார். ஆனால் பல நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றும்போது இடவெளியில் எப்படி அடுக்கப்படுகின்றன என்று கேட்டால் பதில் வராது. குற்றம் அவருடையது அன்று. கரும்பலகைக்கு ஆழம் இல்லை.

டி.என்.ஏ.யின் நிலையும் இதுவே. சுமார் 2 நானோ மீட்டர் விட்டமுள்ள இரட்டைச் சுருள். அடுத்தடுத்த படிகளுக்கு இடையே 0.34 நானோ மீட்டர். ஒரு முழுச் சுற்றுக்குப் பத்துக்குச் சற்று அதிகமான படிகள். புத்தகத்தில் இது முறுக்கிய நாடாபோல் தெரியும். சுருளின் அகன்ற பள்ளம் எது, குறுகிய பள்ளம் எது, படிகள் உள்ளே எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதையெல்லாம் தாளில் காண்பது கடினம். முப்பரிமாணக் குவிமாடத்தில் அந்தச் சுருள் பார்ப்பவரின் முன்னே நிற்கும். எந்த அணு முன்னே, எந்த அணு பின்னே என்பதைக் கண் தானே அறிந்துகொள்ளும். வடிவத்தைப் பொறுத்தவரை இப்படம் பொய் சொல்லவில்லை. எக்ஸ் கதிர் ஆய்வுகள் தந்த தூரங்களும் கோணங்களும் உண்மை. கணிப்பொறி அவற்றைக் கண்ணுக்கு மாற்றிக் கொடுத்தது.

கதைக்கேற்ற திரை என்ற வகையிலும் தேர்வு சரியானது. குவிமாடத்தின் ஒரு பக்கத்தில் விழும் ஒளி எதிர்ப்பக்கத்துக்குத் தெறித்து அங்குள்ள படத்தை வெளிறச் செய்யும். பகல்வெளிச்சக் காட்சிகளில் இத்தொல்லை அதிகம். இருளில் மிதக்கும் சில ஒளிப் பொருள்களுக்கு இத்தொல்லை குறைவு. விண்மீன்களும் மூலக்கூறுகளும் அவ்வாறு காட்ட ஏற்றவை. வேகத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு பொருள் 5 விநாடியில் 180 பாகையைக் கடந்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது ஒன்றரைப் பாகை தாவும். அது முழுநிலவின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு! பொருள் நகராது, துள்ளும். எனவே குவிமாடப் படம் நிதானமாகவே செல்லவேண்டும். கற்பவருக்கு அந்த நிதானம் நல்லதே.

நிறம் இல்லாததும் நன்மையே

1985-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்க ஒரு கண்ணுக்குச் சிவப்பும் மற்றொரு கண்ணுக்கு நீலமும் கொண்ட கண்ணாடி அணிந்தார்கள். ஒளியின் தளவிளைவைப் பயன்படுத்தும் கண்ணாடி இங்கே உதவாது. வெண்மையான குவிமாடப் பரப்பில் பட்டுச் சிதறும்போது தளவிளைவு கெட்டுவிடும். எனவே நிறத்தைக்கொண்டே இரு கண்களுக்குரிய படங்களைப் பிரித்தார்கள். அதன் விலை என்ன? படத்தில் இயற்கையான நிறங்கள் இருக்க முடியாது.

இதை ஒரு குறை என்றே பலர் சொல்வார்கள். இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் நான் இதை ஒரு நன்மையாகக் கருதுகிறேன். "சார், ஆக்சிஜன் அணு சிவப்பாக இருக்குமா?" என்று கல்லூரி மாணவர்களே கேட்பதுண்டு. மூலக்கூறு மாதிரிகளில் ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், கார்பனுக்குக் கருப்பு, ஹைடிரஜனுக்கு வெள்ளை என்பது வேதியியலார் வகுத்துக்கொண்ட வழக்கம். நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோ மீட்டர் வரை. அணுவின் குறுக்களவோ ஒரு நானோ மீட்டரில் சில பத்தில் பங்குகள். அதாவது அலை அணுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் நீளமானது. கடலலை ஒரு கடுகின் வடிவத்தைக் காட்டித்தருமா? அதுபோலத்தான், ஒளியலையால் ஓர் அணுவின் மேற்பரப்பை வரைந்துகாட்ட முடியாது. பளபளப்பான மேற்பரப்பு, அதன்மேல் ஒரு வெளிச்சப்பொட்டு, மறுபக்கம் நிழல் என்று காட்டுவதெல்லாம் உருண்டை என்பதை உணர்த்தும் உத்தி மட்டுமே.

சிவப்பு, நீலக் கண்ணாடியில் சிவப்பு நிறம் ஒரு கண்ணுக்குச் சொந்தம். ஆக்சிஜனுக்கு அதைத் தர இயலாது. பெரிதா சிறிதா, எங்கே இருக்கிறது என்பதைக்கொண்டே அணுக்களை அடையாளம் காணவேண்டும். அணுவைப்பற்றி நாம் உறுதியாகச் சொல்லக்கூடியவையும் அவையே! கருவியின் வறுமை இங்கே அறிவியலின் நேர்மைக்கு உதவியது.

அளவு எங்கே போயிற்று?

இனி என் முக்கியமான குறைக்கு வருகிறேன்.

நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6.5 செ.மீ. இடைவெளி. ஒரு மீட்டர் தொலைவில் உள்ள பொருளைப் பார்க்கும்போது இரு கண்களின் பார்வைக்கோடுகளும் 3.7 பாகையில் சந்திக்கின்றன. நூறு மீட்டர் தொலைவில் அக்கோணம் நூறில் ஒன்றாகிவிடும். அதற்கும் வெகு தொலைவில் ஆழ உணர்வு அற்றுப்போகும். அதனால்தான் நிலவும் விண்மீன்களும் ஒரே தொலைவில் ஒட்டியவைபோல் தெரிகின்றன.

சூரிய மண்டலத்தை ஆழத்தோடு காட்ட என்ன செய்யவேண்டும்? நெப்டியூனின் பாதை சூரியனிலிருந்து 450 கோடி கிலோ மீட்டர். அதைப் பத்து மீட்டராகச் சுருக்கிக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதே விகிதத்தில், பார்ப்பவரின் இரு கண்களுக்கும் இடையே சுமார் 3 கோடி கிலோ மீட்டர் இருப்பதாகக் கணிப்பொறி கொள்ளவேண்டும். இனி, நீர் மூலக்கூறில் ஆக்சிஜனுக்கும் ஹைடிரஜனுக்கும் உள்ள 0.096 நானோ மீட்டர் இடைவெளியை ஒரு மீட்டராக்கிக் காட்டுவோம். இப்போது கண்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரு செ.மீ.யில் சுமார் 160 கோடியில் ஒரு பங்கு. இந்த இரண்டு இடைவெளிகளின் விகிதம், 1-க்குப் பின் 21 சுழிகள் இட்டுப் பெறும் எண்ணைவிடப் பெரியது!

பார்ப்பவர் இதை உணர்கிறாரா? இல்லை. தம் கண்கள் அகன்றதோ சுருங்கியதோ அவருக்குத் தெரியாது. சூரிய மண்டலமும் சில மீட்டர் தொலைவில் மிதக்கிறது. நீர் மூலக்கூறும் சில மீட்டர் தொலைவில் மிதக்கிறது. இரண்டும் கையை நீட்டினால் தொடக்கூடிய பொம்மைகள். விண்மீனிலிருந்து மூலக்கூறுவரை செல்வதே படத்தின் கதை. அக்கதையின் உயிர் அந்த மாபெரும் அளவு வேறுபாட்டில் இருக்கிறது. அந்த வேறுபாட்டையே குவிமாடம் விழுங்கிவிட்டது.

இதற்கு மாறான ஒரு படத்தை நினைத்துப் பாருங்கள். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1977-இல் வெளியிட்ட 'பத்தின் அடுக்குகள்' என்ற 9 நிமிடப் படம் அது. சிகாகோ நகரப் பூங்காவில் ஒருவர் படுத்து உறங்குகிறார். கேமரா மேலே எழுகிறது. பத்து விநாடிக்கு ஒருமுறை காட்சியின் அகலம் பத்து மடங்காகிறது. பத்தின் 24-ஆம் அடுக்கு மீட்டர்வரை சென்று, பிறகு திரும்பி வந்து, உறங்குபவரின் கைக்குள் புகுந்து, ஓர் அணுக்கருவின் உள்ளே சென்று முடிகிறது. அது சாதாரணத் தட்டைத் திரைக்கான படம், ஆழம் இல்லை. ஆனால் காட்சிக்குள் ஒரு சதுரம் வரையப்பட்டுள்ளது. பக்கத்தில் எண் ஓடுகிறது. இப்போது எங்கே இருக்கிறோம், எத்தனை முறை பத்தால் பெருக்கினோம் என்பது ஒரு நொடிகூட மறப்பதில்லை. ஓரம் என்ற ஒன்று இருந்ததால்தான் ஈம்ஸ் தம்பதியரால் அதையே அளவுகோலாக்க முடிந்தது. ஓரத்தை நீக்கியவர்கள் வேறோர் அளவுகோலைக் கொடுத்திருக்கவேண்டும்.

காலத்திலும் இதே சிக்கல்தான். 500 கோடி ஆண்டுகளை 660 விநாடிகளில் சீராகப் பரப்பினால் ஒரு விநாடிக்கு 75 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வரும். நீரிலோ, அடுத்தடுத்த மூலக்கூறுகளின் பிடி சுமார் ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் விட்டு மாறுகிறது. முன்னதை அளவிறந்து விரைவாக்கியும் பின்னதை அளவிறந்து மெதுவாக்கியும் காட்டினால்தான் இரண்டும் ஒரே படத்தில் பொருந்தும். சொல்லாமல் செய்தால் இரண்டும் ஒரே கடிகாரத்தில் நடப்பதாகவே மாணவர் நினைப்பார்.

தலைப்பு சொல்வது முழு உண்மையா?

படத்தின் தலைப்பையும் சற்று உரசிப் பார்ப்போம். நம் உடலில் உள்ள கார்பன், ஆக்சிஜன், இரும்பு முதலியவை விண்மீன்களில் சமைக்கப்பட்டவை என்பது உண்மை. 1957-இல் பர்பிட்ஜ் தம்பதியரும் ஃபவுலரும் ஹாயிலும் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரை இதற்கு அடிப்படை. அவர்களுள் ஃபவுலர் 1983-இல் நோபல் பரிசு பெற்றார். அதைப் பகிர்ந்துகொண்டவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

ஆனால் ஹைடிரஜன்? அதன் அணுக்கரு எந்த விண்மீனும் தோன்றுவதற்கு முன்பே, சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பின் தொடக்கத்திலேயே உண்டானது. படம் பெருமையோடு காட்டும் நீர் மூலக்கூறில் மூன்று அணுக்களுள் இரண்டு ஹைடிரஜன். நம் உடலை எடையால் கணக்கிட்டால் ஹைடிரஜன் பத்தில் ஒரு பங்குதான். அணுக்களின் எண்ணிக்கையால் கணக்கிட்டாலோ நூற்றுக்கு அறுபதுக்கும் மேல்! ஆகவே எடையால் நாம் விண்மீன்களின் மக்கள். எண்ணிக்கையால் விண்மீன்களுக்கும் மூத்தவர்கள். தலைப்பு அழகானது; ஆனால் அது பாதி உண்மை.

நிறம் வந்த பிறகு

1990-இல் ஜப்பானின் ஒசாகா நகரில் நடந்த தோட்டக்கலைக் கண்காட்சியில் குரோய்ட்டரும் மேக்ஸும் சேர்ந்து இயக்கிய 'சூரியனின் எதிரொலிகள்' காட்டப்பட்டது. கண்ணாடியில் நீர்மப் படிகத் தகடுகள் மாறிமாறித் திறந்து மூடியதால், முழு நிறமும் ஆழமும் ஒருசேரக் கிடைத்தன. ஒளிச்சேர்க்கையும் தசை சுருங்குவதும் அதன் பொருள். கேமராவில் எடுத்த காட்சிகளும் கணிப்பொறி வரைந்தவையும் அதில் கலந்து வந்தன.

நல்ல முன்னேற்றம்தான். எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. இலையின் பச்சை இயற்கையின் உண்மை. குளோரோபில் சிவப்பையும் நீலத்தையும் உட்கொள்வதால் அது விளைகிறது. அதே மூலக்கூறுக்குள் ஒரு கார்பன் அணுவுக்குப் பூசும் நிறமோ நாம் ஒட்டிய அடையாளச் சீட்டு. ஒரே திரையில் இரண்டும் ஒரே பளபளப்புடன் வந்தால், எது இயற்கை, எது நாம் ஒட்டிய சீட்டு என்று பார்ப்பவருக்கு யார் சொல்வது? நிறமற்ற படத்தில் எழாத ஐயம் இது.

மாதிரி எதுவுமே பொய்தானே என்று நீங்கள் கேட்கலாம். வகுப்பில் காட்டும் குச்சியும் உருண்டையும்கூட மாதிரிதான். ஆனால் அந்த மர உருண்டை மரமாகவே தெரிகிறது. கையில் எடுக்கலாம், திருப்பலாம், கீழே வைத்துவிட்டு, "உண்மையில் இது இப்படி இருக்காது" என்று ஆசிரியர் சொல்லலாம். குவிமாடத்தில் கீழே வைக்க இடமில்லை. நாம் மாதிரிக்குள் இருக்கிறோம். ஐயம் எழுவதற்கு ஓர் ஓரம் வேண்டும். அந்த ஓரத்தைத்தான் எடுத்துவிட்டார்கள்.

இன்று பல கோளரங்குகளில் பிலிமின் இடத்தைக் கணிப்பொறியோடு இணைந்த புரொஜெக்டர்கள் பிடித்துவிட்டன. தலையில் மாட்டிக்கொள்ளும் கருவி வழியாகவும் ஓரமில்லாத படத்தைப் பார்க்கிறோம். எனவே 1985-ஆம் ஆண்டுப் படம் எழுப்பிய கேள்வி பழையதாகிவிடவில்லை. அடுத்த முறை இத்தகைய படம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே என் கண்களுக்கு இடையே எவ்வளவு தூரம்? ஒரு விநாடி என்பது இங்கே எவ்வளவு காலம்? இந்த நிறம் பொருளின் நிறமா, அடையாளச் சீட்டா? படமே இவற்றுக்கு விடை சொன்னால் அது நல்ல பாடம். சொல்லாவிட்டால், வீட்டுக்கு வந்து ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.